வேலூரில் எதைப் பார்க்கலாம், எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்: கோட்டை, பாலாறு, பாலமதி

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இதில் சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே வந்தது. ஆனால் பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது, அதை நம்பிக்கொண்டு வெளியூரிலிருந்து வருபவர்கள் ஸ்ரீபுரம் தங்கக்கோயிலைப் பார்த்ததோடு சரி, ஊருக்குள் காலே வைக்காமல் பைபாஸ் பிடித்துப் போய்விடுகிறார்கள். ஒரு நாள் பேக்கேஜ் போடுகிற டிராவல்ஸ்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் ஏறிய ஒரு வண்டியில், கோட்டை என்று பட்டியலில் போட்டுவிட்டு, அகழிக்கு இந்தப் பக்கம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி வழியாகவே காட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவன் என்கிற முறையில் எந்த இடத்துக்கு நேரம் கொடுக்கலாம், எதை அவசரத்தில் விட்டுவிடலாம், எங்கே நின்று பார்த்தால் இந்த ஊர் புரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோட்டை. கட்டணம் கிடையாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலோ, நாலரை மணிக்கு மேலோ போங்கள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் நாள்கணக்கில் தங்கியிருப்பவர்கள், பெரும்பாலும் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பங்கள், சாயங்காலமானால் இங்கேதான் வந்து உட்காருவார்கள். நோயாளியோடு வந்தவர்களுக்கு மூச்சு விட இந்த ஊரில் இருக்கிற பெரிய திறந்தவெளி இதுதான்.

கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின்கீழ் இருந்த சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் கட்டியது, 133 ஏக்கர். கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. மராட்டியர் பழைய குறிப்பு ஒன்று, இந்த மதில்மேல் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம், அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்று சொல்கிறது. முதலைக் கணக்கை அவரவர் விருப்பப்படி குறைத்துக்கொள்ளலாம். மதிலின் அகலத்தை மட்டும் ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கீழே புல்வெளியில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அது போதாது. மேலே போக வழி விட்டிருக்கிற இடத்தில் ஏறி, கிழக்கே திரும்பி நில்லுங்கள். எதிரே வரிசையாகப் பாறை மலைகள் தெரியும். ஊர்க்காரர்கள் சஜ்ஜாராவ், குஜ்ஜாராவ், முர்த்துசா என்று சொல்கிற மலைகள், உச்சியில் உற்றுப் பார்த்தால் சுவர் ஓடுவது தெரியும். அவையும் கோட்டைகள்தான்.

இதைப் பார்க்காமல் போனால் வேலூர்க் கோட்டையைப் பாதிதான் பார்த்த கணக்கு என்பது என் கருத்து. சமதரையில் கட்டின கோட்டை இது. எவ்வளவு பெரிய மதில் எழுப்பினாலும், எவ்வளவு ஆழமாக அகழி வெட்டினாலும், அந்த மலைமேல் பீரங்கியோடு ஒருத்தன் ஏறி உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பவன் பாடு திண்டாட்டம். 1677-ல் சிவாஜியின் படை இங்கே வந்து முற்றுகை போட்டபோது அந்த மலைகளைத்தான் பிடித்து அரண் கட்டினார்கள், சஜ்ஜாரா, குஜ்ஜாரா என்ற பெயர்களே அவர்கள் வைத்தவை. பீஜப்பூர்க்காரர்கள் கையில் இருந்த கோட்டை ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1678-ல்தான் விழுந்தது. நூறு வருஷம் கழித்து ஹைதர் அலி வந்தபோதும் அதே கதை, சண்டை மலைக்காகத்தான். ஆனால் அந்தத் தடவை உள்ளே இருந்த ஆங்கிலேயப் படை கடைசிவரை கோட்டையை விடவில்லை. மதில்மேல் நின்று இந்த மலைகளைப் பார்த்துக்கொண்டு இதை யோசித்தால், யாரும் விளக்காமலேயே நிலவரம் விளங்கிவிடும்.

விளக்க ஆள் வேண்டும் என்றால்தான் கஷ்டம். பெரிய கோட்டை, இத்தனை வரலாறு, ஆனால் நின்று படிக்கிற மாதிரி பலகை குறைவு. இருக்கிற சில பலகைகளும் கட்டிய காலம், பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்பதோடு நின்றுவிடுகின்றன. திப்பு மகால், ஹைதர் மகால், கண்டி மகால் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, எல்லா இடத்துக்குள்ளும் விடமாட்டார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 9-ந்தேதி திப்பு மகள் ஒருவரின் கல்யாணம் கோட்டைக்குள் நடந்தது, விடிவதற்குள் ஆங்கிலேயர் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். நெற்றியில் குறி வைக்கக்கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை வெட்டு, தோல் வைத்த புதுத் தொப்பியைப் போடு என்று வந்த உத்தரவில் மூண்ட ஆத்திரம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் செத்தார்கள், கொடிமரத்தில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது, அவன் ஆட்கள் கொன்ற சிப்பாய்கள் பல நூறு. இதுதான் வேலூர்ப் புரட்சி, 1857 கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்த சங்கதி. இதற்கான நினைவுத் தூண் கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்பில் நிற்கிறது, 1998-ல் வைத்தது. ட்ராஃபிக்குக்கு நடுவில் இருப்பதால் பார்க்காமலே தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ரோட்டைக் கடந்து போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதில் பாதியைக் கல்யாண மண்டபத்துக்குக் கொடுங்கள். உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருக்கிற மண்டபம். தூணுக்குத் தூண் யாளியும் குதிரை வீரனும் பாய்கிற மாதிரி நிற்கும், அதை எல்லாரும் பார்ப்பார்கள். நான் சொல்வது கூரையை. நடுவில் தலைகீழாக ஒரு பூ தொங்க, அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், கால் நகத்தால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் கீழே பூவை நோக்கி நீட்டியிருக்கும். கல்லில் செதுக்கியது என்பது மறந்து, இப்போது ஒன்று கொத்திவிடும் என்று தோன்றும். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. அதே கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டு நிற்கிற சிற்பத்தையும் தேடிப் பாருங்கள், ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் அங்கிருந்து நகரவே மாட்டார்கள். இந்த மண்டபத்தைக் கழற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் திட்டம் போட்டதாகவும், ஏற்றிப்போக வந்த கப்பல் மூழ்கியதால் தப்பியதாகவும் ஊரில் சொல்வார்கள்.

நீண்ட காலம் இந்தக் கோயிலில் பூஜை கிடையாது, ஆயுதக் கிடங்காகவெல்லாம் வைத்திருந்தார்கள். 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர்க்காரர்கள் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். இப்போது பிரதோஷத்தன்று போனால் நிற்க இடம் இருக்காது, சிற்பம் பார்க்க வருபவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல மழை பெய்து அகழி நிரம்பினால் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடும். 2021 மழையில் அப்படித்தான் ஆனது, முட்டியளவுத் தண்ணீரில் நடந்துபோய்க் கும்பிட்டவர்களும் உண்டு.

கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. மற்ற நாளில் முக்கால் மணி நேரம் போதும். இலங்கையின் கண்டி அரசர் விளையாடிய தந்தச் சதுரங்கம் அங்கே இருக்கிறது. அதை மட்டும் மறக்காமல் பாருங்கள், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போகிற இடத்துக்கு அது முன்னுரை மாதிரி.

அந்த இடம் முத்து மண்டபம். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில். இலங்கையின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சமாதி. ஆட்டோக்காரர் ஒருத்தரிடம் கேட்டபோது, "இன்னாத்துக்குண்ணா அங்க போறீங்க, அங்க ஒண்ணும் கெடையாது, கோல்டன் டெம்பிள் வுட்டுடட்டா?" என்றார். அவர்மேல் தப்பில்லை, யாரும் அங்கே போகச் சொல்லிக் கேட்பதில்லை. ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தில் வந்தவர், கண்ணுசாமி என்பது இயற்பெயர், கண்டி சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். 1815-ல் ஆங்கிலேயர் பிடித்து, அடுத்த வருஷம் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1832-ல் சாகும்வரை இங்கேதான். ராணிகள், வாரிசுகள் சமாதிகளும் அதே வளாகத்தில் இருக்கின்றன. சமாதிகளைச் சுற்றி மண்டபம் எழுப்பித் தமிழ்நாடு அரசு பராமரிக்கிறது. சின்ன இடம். இருபது நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஆனால் தன் நாட்டை இழந்து, வேறொரு நாட்டு ஆற்றங்கரையில் படுத்துக்கிடக்கிற ஓர் அரசனின் சமாதி தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் இருக்கிறது? இதற்கு மெயின் ரோட்டிலிருந்தே வழிகாட்டிப் பலகை வைக்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் வைக்க வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், திரும்பிப் போய்விடாதீர்கள்.

சமாதிக்குப் போனால் பாலாறு பக்கத்திலேயே. இங்கே நான் அழகு என்று பொய் சொல்லமாட்டேன். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில், வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணலும் சீமைக்கருவேலமும்தான். மணலும் முன்போல இல்லை, லாரி லாரியாகப் போய்விட்டது. நம் தாத்தா காலத்தில் ஆற்றில் ஒரு முழம் தோண்டினால் ஊற்று வரும், அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் எடுத்து வருவார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர், கிழக்கே ராணிப்பேட்டை என்று தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த விஷயம். மாசுபடுத்தியவன்தான் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது, நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள், நம் ஆற்றை வைத்து.

ஆனாலும் காட்பாடிப் பாலத்தில் ஒரு தடவை நின்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்த அகலத்தைப் பார்த்தால்தான் இந்த ஆறு ஓடிய காலத்தில் எப்படி ஓடியிருக்கும் என்பது தெரியும். 2021 நவம்பரில் கரை தொட்டு வெள்ளம் போனபோது ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது, பாட்டிகள் கற்பூரம் ஏற்றினார்கள், மஞ்சள் குங்குமம் போட்டார்கள், போலீஸ் விரட்ட விரட்ட ஜனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. தண்ணீர் வருகிற வருஷம் வேலூருக்கு வர வாய்த்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதைப் பாருங்கள், பாலத்தில் கைப்பிடிச் சுவரைவிட்டு எட்டி நின்று.

ஆற்றங்கரை அழகாக வேண்டும் என்பவர்களுக்கு விரிஞ்சிபுரம். மேற்கே பெங்களூர் ரோட்டில் சுமார் 13 கிலோமீட்டர், பாலாற்றின் தென்கரை. 'விரிஞ்சை மதிலழகு' என்று பழமொழியே இருக்கிறது, மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலை ஒரு சுற்று சுற்றினாலே அது வெறும் பேச்சில்லை என்று தெரியும். உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. பிறை வடிவில் எண்கள் வெட்டிய கல், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. போனவர்கள் எல்லாரும் உடனே செல்போனை எடுத்துச் சரிபார்ப்பார்கள், நீங்களும் பார்க்கலாம். வெயில் அடிக்கும்போது போங்கள், மேகம் மூடினால் இது வெறும் கல்தான். சிங்க வாய் வழியாக இறங்குகிற சிம்மத் தீர்த்தமும் இங்கேதான். கார்த்திகைக் கடை ஞாயிறுக்குப் பிள்ளை வரம் வேண்டி வருகிற பெண்கள் கூட்டம் ஊர் தாங்காது, சுற்றிப் பார்க்க அந்த நாள் வேண்டாம்.

சரி, தங்கக்கோயில். திருமலைக்கோடியில் 2007-ல் திறந்தது, சுமார் 1,500 கிலோ தங்கம் என்று சொல்கிறார்கள். செப்புத் தகட்டில் வேலை செய்து அதன்மேல் தங்கத் தகடு படிய வைத்திருக்கிறார்கள். நட்சத்திர வடிவில் சுமார் 1.8 கிலோமீட்டர் நடைபாதை, சுத்தம், ஒழுங்கு, எவ்வளவு கூட்டமானாலும் வரிசை நகர்கிற விதம், இதற்கெல்லாம் முழு மார்க். செல்போன் உள்ளே விடமாட்டார்கள், அரை டிராயரோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். இருட்டியபின் விளக்கொளியில் பார்ப்பதுதான் சிறப்பு. பக்திக்காகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, போகத்தான் போகிறீர்கள். ஆனால் வேலூரைப் பார்த்தேன் என்று சொல்ல அது மட்டும் போதாது.

நேரம் மிச்சமிருந்தால் கிழக்கே ஆற்காடு, சுமார் 25 கிலோமீட்டர். நவாப் கோட்டையில் மிச்சமிருப்பது பாலாற்றங்கரை டெல்லி கேட் மட்டும்தான். 1751-ல் கிளைவ் ஒரு சின்னப் படையை வைத்துக்கொண்டு ஐம்பது நாள் முற்றுகையைச் சமாளித்தது இந்த ஊரில்தான், இந்தியாவில் கம்பெனியின் கை ஓங்கியதற்கு ஆரம்பம் அங்கே. இன்றைக்குப் பார்க்க ஒரே ஒரு வாசல். வரலாறு பிடித்தவர்கள் மட்டும் போங்கள். மற்றவர்களுக்கு மக்கன் பேடா போதும், உள்ளே பருப்பும் திராட்சையும் வைத்து ஜீராவில் ஊறியது, ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் கிடைக்கும், சூடாகப் போடுகிற நேரம் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டைச் சொல்லிவிட்டால் எல்லாரும் ஆம்பூர் பிரியாணி பற்றிக் கேட்பீர்கள். அது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, தனி நாள். வேலூரிலேயே சீரகச் சம்பா தம் பிரியாணி நன்றாகக் கிடைக்கும், கூட வருகிற கத்திரிக்காய்த் தொக்கை வைத்துக் கடையை எடைபோடுங்கள். பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம், நல்ல கடை என்றால் அதை வீணடிக்காது.

கடைசியாக, என்னைக் கேட்டால் இந்த ஊரிலேயே முதலிடம், பாலமதி. பாகாயம், ஓட்டேரி வழியாகப் போய் மலை ஏற வேண்டும், வளைவுகள் உள்ள குறுகலான ரோடு, பைக் அல்லது கார் சொந்தமாக இருந்தால் நல்லது. ஆட்டோவில் போவதானால் காத்திருந்து கூட்டிவருவதற்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள், மேலே போய் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது. உச்சியில் குழந்தை வேலாயுதபாணி கோயில். கும்பிட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்து நின்றால் வேலூர் மொத்தமும் கீழே. முதலில் கட்டடக் கூட்டம்தான் தெரியும், கொஞ்சம் பொறுங்கள். பாறை மலைகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேற்கே பார்வையை நகர்த்தினால், நெரிசலுக்கு நடுவில் ஒரு பச்சைச் சதுரம், அதுதான் கோட்டை. அதற்கும் வடக்கே வெளிறிய பட்டை ஒன்று கிழக்கு மேற்காகப் போகும், அது பாலாறு. ஏன் இந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள், ஏன் எல்லாரும் அந்த மலைகளுக்காக அடித்துக்கொண்டார்கள், ஆற்காட்டிலிருந்து குதிரைக்காரன் எந்தப் பக்கமாக வந்திருப்பான் என்று அங்கே நின்றே விரல் நீட்டிக் காட்டிவிடலாம். என் தங்கச்சி பையன் எட்டாவது படிக்கிறான், பாடத்தில் வேலூர்ப் புரட்சியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவன், மேலே நின்று பத்து நிமிஷம் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினான்: "மாமா, அவ்ளோ தூரத்துலருந்து வர்றவன உள்ள இருந்தவங்க பாத்திருக்க மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. சிப்பாய்கள் கதவைச் சரியாகக் காக்காமல் விட்டது பற்றி இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம்.

அதனால் வரிசை இப்படி வையுங்கள்: காலையில் கோட்டையும் கோயிலும் அருங்காட்சியகமும், வெயில் நேரத்தில் சாப்பாடும் ஓய்வும், மூன்று மணிக்கு முத்து மண்டபம், நான்கரைக்குப் பாலமதி. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், பாறை மலைகள் சூடு பிடித்து ராத்திரியிலும் அனல் விடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக இருக்கும். பாலமதியில் கடைகளை நம்பாதீர்கள், தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். காட்டுப் பகுதி, கோடையில் தீப்பிடிக்கிற மலை, பீடி சிகரெட்டைப் பற்றவைக்காதீர்கள், பிளாஸ்டிக்கை அங்கே போடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள், வளைவுகளில் விளக்கு கிடையாது.